வாசகர் கேள்வி பதில்: வளைந்த குழாயில் ஓடிய வண்டி

மண்டைக்காடு கொடை முடிந்த கையோடு, குமரி மாவட்ட வாசகர்களிடமிருந்து ராட்டினங்களைப் பற்றிய கடிதங்கள் அடுத்தடுத்து வந்தன. அவற்றுள் பல, ரோலர் கோஸ்டர் எனப்படும் மலைரயில் போன்ற விளையாட்டு வண்டியையும், அதை எஃகில் வடித்துக் கொடுத்த ‘ஆரோ’ என்ற நிறுவனத்தையும் பற்றிக் கேட்டிருந்தன. நீண்ட காலம் இயந்திரப் பொறியியல் கற்பித்த எனக்கு இது மனத்துக்கு நெருக்கமான பொருள் என்பதால், இந்த மாதப் பகுதியை முழுவதுமாக இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

எஃகுக் குழாயில் ஓடும் முதல் ரோலர் கோஸ்டரைச் செய்தது ‘ஆரோ’ என்ற அமெரிக்க நிறுவனம் என்றும், அது எப்போதோ மூடப்பட்டுவிட்டது என்றும் படித்தேன். இல்லாமற்போன ஒரு கம்பெனியை இன்னும் முன்னோடி என்று ஏன் சொல்கிறார்கள்?
— கல்லூரி மாணவி, தக்கலை

நீங்கள் படித்தது சரி. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ என்ற ஊரில், எட் மோர்கன், கார்ல் பேகன் ஆகியோரும் அவர்களுடைய நண்பர்கள் இருவரும் சேர்ந்து தொடங்கிய பட்டறைதான் ஆரோ. பெரிய முதலீடோ, கேளிக்கைத் தொழிலில் முன்னனுபவமோ அவர்களுக்கு இருக்கவில்லை. பழைய இயந்திரங்களை வாங்கிச் சரிசெய்து விற்பதும், கேட்டவருக்குக் கேட்ட உதிரிபாகத்தைக் கடைந்து கொடுப்பதுமாக, நம் ஊர் லேத் பட்டறைகள் எப்படிப் பிழைக்கின்றனவோ அப்படித்தான் அவர்களும் பிழைத்தார்கள். அந்த வேலைகளுக்கு நடுவே குடைராட்டினங்களைச் செய்யத் தொடங்கினார்கள். அது வால்ட் டிஸ்னியின் ஆட்களுடைய கண்ணில் பட்டது. 1955-இல் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டபோது அங்கு ஓடிய வண்டிகளில் பல இவர்களுடைய பட்டறையிலிருந்து போனவை. 1960-இல் டிஸ்னி நிறுவனம் ஆரோவின் மூன்றில் ஒரு பங்கை விலைக்கே வாங்கிக்கொண்டது.

1959 ஜூன் மாதம் அதே பூங்காவில் திறக்கப்பட்ட ‘மேட்டர்ஹார்ன்’ என்ற செயற்கை மலைக்குள் இவர்கள் அமைத்த பாதைதான், உருளைக் குழாயைத் தண்டவாளமாகக் கொண்ட முதல் ரோலர் கோஸ்டர். இன்று உலகில் எங்கு எஃகு ரோலர் கோஸ்டர் கட்டினாலும், அதன் வரைபடத்தில் முதல் கோடு அந்தக் குழாயிலிருந்துதான் தொடங்குகிறது. கம்பெனியின் பெயர்ப்பலகை இறங்கிய பிறகும் அந்தப் பாதை இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் வடசேரியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ரயிலுக்கு இருப்பது போன்ற தண்டவாளம் இருக்கும்போது, குழாயை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? மரத்தில் செய்வதில் என்ன குறை?
— பட்டறைத் தொழிலாளர், நாகர்கோவில்

வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். விடையில் பாதி ஏற்கனவே உங்கள் கையில் இருக்கிறது. ஒரு எல்-ஆங்கிளையோ ஐ-பீமையோ எடுத்து வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கமாக வளைக்க முயன்றால் முரண்டு பிடிக்கும், இன்னொரு பக்கமாக வளைத்தால் முறுக்கிக்கொள்ளும். குழாய்க்கு அந்தப் பாகுபாடு கிடையாது. எத்திசையிலிருந்து விசை வந்தாலும் அதன் வலிமை ஒன்றே என்பதால், மேலும் கீழும், இடமும் வலமும், இரண்டும் கலந்த சாய்விலும் அதை ஒரே நீளத்தில் வளைத்துக்கொண்டே போகலாம். மரப்பாதையில் பலகைகளை அடுக்கடுக்காகப் பொருத்தி, அவற்றின் மேல் தட்டையான இரும்புப் பட்டையைப் பதிப்பார்கள். ஏற்ற இறக்கங்களுக்கு அது மிக நன்றாகவே பொருந்தும். ஆனால் வண்டியைப் பக்கவாட்டில் முறுக்கித் திருப்பும் வளைவுகளை அன்றைய மரவேலையால் கொடுக்க முடியவில்லை.

குழாயைத் தேர்ந்ததற்கு இணையாக, அதைப் பிடிக்கும் சக்கரங்களும் முக்கியம். உங்கள் பட்டறையில் கிடக்கும் ஒரு நான்கு அங்குலக் குழாயில் ஒரு கையை மேலே வையுங்கள். இன்னொரு கையைப் பக்கவாட்டில் வையுங்கள். உதவிக்கு நிற்கும் பையனை அடியிலிருந்து பிடிக்கச் சொல்லுங்கள். இப்போது அந்த மூன்று கைகளும் குழாயின் மேல் வழுக்கி முன்னே போகலாம், ஆனால் எந்தப் பக்கமும் கழன்று போக முடியாது. வண்டியின் சக்கரத் தொகுப்பும் அப்படித்தான்: எடையைத் தாங்க மேற்சக்கரம், வளைவில் ஒதுங்காமல் இருக்கப் பக்கச்சக்கரம், வண்டி மேலெழும்பிவிடாமல் இருக்க அடிச்சக்கரம். நியாயமாகச் சொன்னால், அடிச்சக்கரத்தை ஆரோ கண்டுபிடிக்கவில்லை. மரக் கோஸ்டர்களின் காலத்திலேயே, 1919-இல், ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். வண்டி மேடேறும்போது பின்னால் உருண்டு விடாமல் தடுக்கும் பற்கொக்கியும் அவர் தந்ததே. சங்கிலி இழுக்கும்போது கேட்கும் ‘டக் டக்’ என்ற ஓசை அதிலிருந்து வருவதுதான். மில்லரின் அறிவை வளைந்த குழாயோடு சேர்த்து, இரும்புக்குப் பதிலாக நைலான், பின்னர் பாலியூரித்தேன் பூசிய சக்கரங்களை மாட்டியபோது, கடகடவென்று அதிர்ந்த பழைய வண்டி வழுக்கிச் செல்லும் வண்டியாக மாறியது.

பூங்காக்களில் மரக்கட்டை வடிவப் படகில் உட்காரவைத்துத் தண்ணீரில் சறுக்கிவிடுகிறார்களே, அதுவும் இவர்கள் வேலையா?
— குடும்பத் தலைவி, குலசேகரம்

ஆம். டெக்சாஸ் மாநிலத்து ஆர்லிங்டனில் உள்ள சிக்ஸ் பிளாக்ஸ் பூங்காவில், 1963-இல் ‘எல் அசெராடெரோ’ என்ற பெயரில் அவர்கள் அமைத்ததே இந்த வகையில் முதன்மையானது. ஸ்பானிய மொழியில் அந்தப் பெயருக்கு மர அறுவை ஆலை என்று பொருள். அமெரிக்க மலைக்காடுகளில் வெட்டிய மரங்களை, தண்ணீர் ஓடும் பலகை வாய்க்கால்கள் வழியே அடிவாரத்து ஆலைக்கு மிதக்கவிடும் பழக்கம் இருந்தது. அதைத்தான் விளையாட்டாக மாற்றினார்கள். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நடந்திருக்கும் உங்களுக்கு, உயரத்தில் ஒரு தொட்டிக்குள் தண்ணீர் ஓடுவதைக் கற்பனை செய்வது கடினமாக இராது. வாய்க்காலில் எவ்வளவு நீர், எந்தச் சரிவில், எந்த வேகத்தில் ஓடினால் படகு தட்டாமல் முட்டாமல் போகும் என்ற கணக்கைப் போட்டவர் கார்ல் பேகன். படகுகள் மரத்தைப் போலத் தோன்றினாலும், நம் கடற்கரையில் இன்று ஓடும் வள்ளங்களைப் போலவே கண்ணாடியிழையால் ஆனவை.

தலைகீழாகப் போகும்போது மனிதர்கள் ஏன் விழுவதில்லை? அதை முதலில் சாத்தியமாக்கியது யார்?
— ஆசிரியர், மார்த்தாண்டம்

கவணில் கல்லை வைத்துச் சுழற்றிய எவருக்கும் முதல் கேள்விக்கு விடை தெரியும். கல் எதனோடும் கட்டப்பட்டிருப்பதில்லை. ஆனாலும் சுழலும்வரை அது கவணின் தோலோடு ஒட்டியே இருக்கிறது, ஏனெனில் நேர்கோட்டில் போக விரும்பும் கல்லைத் தோல் இடைவிடாமல் உள்நோக்கித் திருப்பிக்கொண்டிருக்கிறது. வண்டியில் உட்கார்ந்திருப்பவரை இருக்கை அவ்வாறே திருப்புகிறது. தோள்பட்டைக் கம்பி கூடுதல் காப்பு.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தலைகீழ் வளையம் புதிய ஆசையன்று. 1895-இலேயே நியூயார்க்கின் கோனி தீவில் ‘பிளிப் பிளாப்’ என்ற வளையத்தைக் கட்டினார்கள். அது சரியான வட்டமாக இருந்ததுதான் கோளாறு. ஒரு வட்டத்தின் உச்சியில் வண்டி பாதையை விட்டு விலகாமல் இருக்கப் போதுமான குறைந்தபட்ச வேகத்தோடு நுழைந்தால்கூட, வட்டத்தின் அடியில் பயணி தன் எடையைப்போல ஆறு மடங்கை உணர்வார் என்று கணக்கு சொல்கிறது. உங்கள் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம்: 60 கிலோ மனிதர் ஒருவருக்கு, கண்மூடித் திறப்பதற்குள் 360 கிலோ. கழுத்து எப்படித் தாங்கும்?

இந்தச் சிக்கலுக்கு ஆரோ வேறொரு வழி கண்டது. 1965-இல் அங்கு வேலைக்குச் சேர்ந்த ரான் டூமர் என்ற பொறியாளர், அதற்கு முன் அப்பல்லோ விண்கலத்தின் வெப்பக் கவசப் பணியில் இருந்தவர். வளையத்தை ஒரே தளத்தில் நிறுத்தாமல், சுருள்வில் போல முன்னோக்கி நீட்டி இழுத்து, வண்டி முன்னேறிக்கொண்டே புரளும்படி அவருடைய குழு அமைத்தது. இழுத்துவிட்ட சுருளில் வளைவு தளர்ந்துவிடுவதால், உடலில் விழும் சுமையும் குறைந்துவிடுகிறது. 1975-இல் கலிபோர்னியாவின் நாட்ஸ் பெரி பார்மில் ‘கார்க்ஸ்க்ரூ’ திறக்கப்பட்டது. உயரம் 70 அடிதான். ஆனால் பயணிகளை இருமுறை தலைகீழாக்கிப் பத்திரமாக இறக்கிவிட்ட முதல் நவீன ரோலர் கோஸ்டர் அது. பின்னர் பிரித்தெடுக்கப்பட்டு, 1990 முதல் ஐடஹோ மாநிலத்தின் சில்வர்வுட் பூங்காவில் ஓடுகிறது.

நிமிர்ந்து நிற்கும் முழு வளையத்தின் புகழ் ஆரோவுக்குச் சேராது. அடியில் அகன்று உச்சியில் குறுகும் நீர்த்துளி வடிவத்தைக் கணக்கிட்டு, 1976-இல் கலிபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் வளையம் கட்டியவர்கள், ஜெர்மனியின் ஆண்டன் ஷ்வார்ட்ஸ்கோப்பும் வெர்னர் ஸ்டெங்கலும் ஆவர். ஆரோ அதிலிருந்து கற்றுக்கொண்டு, 1978-இல் வர்ஜீனியாவில் ‘லாக் நெஸ் மான்ஸ்டர்’ என்ற பெயரில் ஒன்றோடொன்று கோத்த இரட்டை வளையத்தை எழுப்பியது.

இவர்கள் கட்டியதில் உயரத்துக்குப் பேர்பெற்றது எது?
— படகுத்துறைத் தொழிலாளர், கன்னியாகுமரி

உங்கள் கண்முன் தினமும் நிற்கும் திருவள்ளுவர் சிலை பீடத்தோடு சேர்த்து 133 அடி. அதற்கு மேல் இன்னொரு 72 அடியை நிறுத்துங்கள். ஒஹாயோ மாநிலத்தின் சீடார் பாயிண்ட் பூங்காவில் 1989-இல் ஆரோ கட்டிய ‘மேக்னம்’ அந்த 205 அடியைத் தொடுகிறது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் கோஸ்டர்களில் 200 அடியைத் தாண்டிய முதலாவது அதுதான். ஏறத்தாழ 195 அடி கீழே பாயும்போது அதன் வேகம் மணிக்கு 116 கிலோமீட்டர். உராய்வும் காற்றும் சற்றும் இல்லாவிட்டால் அந்த உயரத்துக்கு 123 கிலோமீட்டர் வரவேண்டும். ஆகவே இயற்கையிடம் அந்த வண்டி இழப்பது எவ்வளவு சொற்பம் என்று பாருங்கள். அதற்குத் தலைகீழ் வளையம் ஒன்றுகூட இல்லை. உயரத்துக்குப் பிறகு அடுத்தடுத்து வரும் மேடுகளும், அவற்றின் உச்சியில் இருக்கையை விட்டு உடல் எழும் நொடியுமே அதன் சிறப்பு.

இவ்வளவு செய்தவர்கள் ஏன் நொடித்துப் போனார்கள்?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், குளச்சல்

பணக்கணக்கு ஒரு பக்கமும் பொறியியல் கணக்கு ஒரு பக்கமுமாக இதில் இரண்டு காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. நிறுவனம் கைமாறிக்கொண்டே இருந்தது. 1970-களில் ரயில்வே தொழிலைச் சார்ந்த ரியோ கிராண்டே நிறுவனத்திடம் சென்று, யூட்டா மாநிலத்துக்கு இடம் பெயர்ந்தது. 1981-இல் ஜெர்மனியின் ஹஸ் நிறுவனத்தோடு இணைந்தது. 1985-இல் அந்தக் கூட்டு திவாலானது. அதன்பின் அங்கே வேலை செய்தவர்களே அதை மீட்டெடுத்து, ‘ஆரோ டைனமிக்ஸ்’ என்ற பெயரில் மீண்டும் நடத்தினார்கள். ‘மேக்னம்’ அந்த மறுபிறப்புக்குப் பின் வந்தது என்பதை நினைக்கும்போது, அந்தத் தொழிலாளர்கள்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டாகிறது.

இரண்டாவது காரணம் வளைவுகளில் இருந்தது. அனுபவத்தையும் கைக்கணக்கையும் நம்பி வளர்ந்த பட்டறை அது. நேரான குழாய், அதை அடுத்து ஒரே ஆரமுள்ள வளைவு, மறுபடி நேர்க்குழாய் என்று பாதை அமைந்த இடங்களில், வண்டி வளைவுக்குள் நுழையும் கணத்தில் பயணியின் தலை ஒரு பக்கம் மோதும். நம் மலையோரச் சாலைகளில் பேருந்து ஓட்டுபவர் ஸ்டீயரிங்கைச் சிறிது சிறிதாகத் திருப்பும்போது நாம் சாய்கிறோம். ஒரே வெட்டாகத் திருப்பினால் பக்கத்தில் இருப்பவர்மீது விழுகிறோம். அந்த வேறுபாடுதான் இங்கும். 1981-இல் பாதைக்கு அடியில் தொங்கியபடி ஓடும் ‘தி பேட்’ என்ற வண்டியை ஒஹாயோவில் கட்டியபோது, வளைவுகளில் பாதையைச் சாய்க்காமல் விட்டார்கள். வண்டிகள் வீசியாடிய விசை முழுவதும் சட்டங்கள்மீது இறங்கி, இரண்டே ஆண்டுகளில் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. அவர்கள் கற்காமல் இல்லை. 1984-இல் பாதையைச் சாய்த்துக் கட்டிய ‘பிக் பேட் உல்ப்’ 25 ஆண்டுகள் ஓடியது. ஆயினும், 1988-இல் தோன்றிய சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மாபியார் போன்றவர்கள், கணினியில் ஒவ்வொரு அடிக்கும் விசையைக் கணக்கிட்டு, வெண்ணெய் போல வழுக்கும் பாதைகளைக் கொண்டு வந்தபோது, பூங்காக்களின் பார்வை அங்கே திரும்பிவிட்டது.

கடைசியாக அவர்கள் கையிலெடுத்தது, ஓடும்போதே இருக்கைகளும் முன்னும் பின்னும் சுழலும் ‘எக்ஸ்’. வண்டி ஓட இரண்டு, இருக்கையைச் சுழற்ற இரண்டு என நான்கு தண்டவாளங்கள். மேஜிக் மவுண்டனில் அது 2002-இல் முழுமையாக ஓடத் தொடங்கும் முன்பே, 2001 டிசம்பரில் நிறுவனம் மறுபடி திவாலாகிவிட்டது. அடுத்த ஆண்டு எஸ் அண்ட் எஸ் என்ற நிறுவனம் அதன் சொத்துகளை வாங்கியது; 2006-இல் ஜப்பானின் பூஜி-கியூ பூங்காவில் ‘எக்ஸ்’ வண்டியின் தம்பி ஒன்று ஓடத் தொடங்கியது. ஆரோவிடம் உரிமம் பெற்றுத் தொழில் கற்ற நெதர்லாந்தின் வெகோமா இன்று உலகப் பெரும் நிறுவனங்களில் ஒன்று. ‘எக்ஸ்’ வண்டியை வடிவமைத்த ஆலன் ஷில்க், பின்னாளில் பழைய மரக் கோஸ்டர்களின்மேல் புது எஃகுப் பாதை பொருத்தும் முறைக்குப் பேர் பெற்றார்; அம்முறையில் 2011-இல் திறந்த முதல் கோஸ்டர், ஆரோவின் தண்ணீர்ச் சறுக்கல் பிறந்த அதே டெக்சாஸ் பூங்காவில்தான் நிற்கிறது.

திருவிழாத் திடல் ராட்டினங்களில் பிள்ளைகளை ஏற்றப் பயமாக இருக்கிறது. எதைப் பார்த்து ஏற்றுவது?
— இரு குழந்தைகளின் தாய், சுசீந்திரம்

பெரிய பூங்காக்களில் பாதையைப் பகுதிகளாகப் பிரித்து, முன்னே போன வண்டி ஒரு பகுதியைக் கடந்தால்தான் பின்வண்டிக்கு வழி திறப்பார்கள். ரயில் சிக்னலும் இதே முறைதான். மேட்டர்ஹார்னிலேயே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. திருவிழா ராட்டினத்தில் அத்தகைய தானியங்கிக் காப்பு இல்லை என்பதால், பார்வைதான் நமக்குத் துணை.

சில ஆண்டுகளுக்கு முன், நம் மாவட்டத்துத் திருவிழாத் திடல் ஒன்றில், என் பேத்தியை ஏற்றப் போன தொட்டிலின் கதவைக் கவனித்தேன். தாழ்ப்பாளின் ஊசி இருக்க வேண்டிய துளையில், இரண்டு சுற்றுக் கட்டுக்கம்பியை முறுக்கிவிட்டிருந்தார்கள். கம்பி தேய்ந்து, ஒரு இழை அறுந்தும் இருந்தது. ஓட்டுபவரிடம் சொன்னேன், அவர் மறுபேச்சின்றி ராட்டினத்தை நிறுத்தி, பெட்டியிலிருந்து போல்ட்டும் நட்டும் எடுத்து மாட்டிய பிறகே ஓட்டினார். ஆகவே, தயங்காமல் கேளுங்கள். தாழ்ப்பாளை உங்கள் கையால் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஏற்றுவதற்கு முன், ஆளில்லாமல் இரண்டு சுற்று ஓடவிட்டு ஓசையைக் கவனியுங்கள்; சீரான இரைச்சல் பரவாயில்லை, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ‘டொக்’ என்று கேட்டால் ஏற்றாதீர்கள். கால்தாங்கிகளின் அடியில் மண் மழையில் கரைந்திருக்கிறதா என்று பாருங்கள். காற்று வலுத்துவிட்டால் இறங்கிவிட வேண்டும். பிள்ளையின் உயரம் இருக்கைக் கம்பிக்குப் பொருந்தாவிட்டால், அழுதாலும் வேண்டாம்.

நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். அறிவியல் கண்காட்சிக்கு ரோலர் கோஸ்டர் மாதிரி செய்ய ஆசை. எப்படித் தொடங்குவது ஐயா?
— மாணவன், ஆரல்வாய்மொழி

தம்பி, ரான் டூமரே சட்டை மாட்டும் கம்பிகளை வளைத்துத்தான் தன் தொடக்ககால வடிவங்களைப் பார்த்தார். நீயும் இரும்புக் கடையில் கொஞ்சம் தடித்த கம்பி வாங்கிக்கொள். இரண்டு கம்பிகளை ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் இணையாக வளைத்து, சிறு குறுக்குக் கம்பிகளைப் பற்றவைத்தால் கோலிக்குண்டு ஓடும் பாதை தயார்.

20 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு வளையம் வை. அதன் ஆரம் 10. உருளும் குண்டு உச்சியில் விழாமல் சுற்ற, வளையத்தின் அடியிலிருந்து ஆரத்தின் 2.7 மடங்கு உயரத்தில், அதாவது 27 சென்டிமீட்டரில், அதை விட வேண்டும் என்று ஏட்டுக்கணக்கு சொல்லும். உன் கம்பிப் பாதையில் உராய்வு உண்டு, குண்டு இரு கம்பிகளின் நடுவே சற்றுத் தாழ்ந்து உருள்வதால் சுழற்சிக்கும் கூடுதல் ஆற்றல் போகும். ஆகவே அந்த உயரம் போதாது. 27-இல் தொடங்கி ஒவ்வொரு சென்டிமீட்டராக ஏற்றி, எந்த உயரத்தில் குண்டு முதன்முறை விழாமல் சுற்றுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள். பிறகு அதே வளையத்தை மேலே சற்றுக் குறுக்கி, நீர்த்துளி வடிவத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி அளந்து, இரண்டு எண்களையும் எனக்கு எழுது.